98 எப்படி 69 ஆனது? அரசர் பட்டியலைக் கூட்டுகிறவர்களுக்கு

முதலாம் ராஜராஜனின் கல்வெட்டுகள் 29-ஆம் ஆட்சியாண்டு வரை கிடைக்கின்றன. மகன் ராஜேந்திரனுக்கு 33 வரை. பேரன் ராஜாதிராஜனுக்கு 36 வரை. கூட்டினால் 98. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். அப்படியானால் ராஜாதிராஜன் 1083 வரை இருந்திருக்க வேண்டும். ஆனால் கொப்பம் போர்க்களத்தில் அவர் யானை மேலேயே மாண்டது 1054-இல். நடுவில் 29 ஆண்டுகளைக் காணவில்லை.

காணாமல் போகவில்லை, இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. ராஜேந்திரனுக்கு 1012-இலேயே பட்டம் கட்டியாயிற்று. தந்தை 1014 வரை இருந்தார். ராஜேந்திரன் தன் மகனுக்கு இன்னும் சீக்கிரமாக, 1018-இலேயே பட்டம் கட்டினார். தான் மறைந்ததோ 1044-இல். இரண்டு ஆண்டு ஒரு பக்கம், 26 ஆண்டு மறு பக்கம், ஆக 28. மீதி ஒன்று, '33-ஆவது' என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு என்பதால் வருவது. முழுதாக முடிந்தவை 32 தான்.

அரசமரபுகளின் வரலாற்றை வாசிக்கும் யாரும் முதலில் செய்கிற தவறு இந்தக் கூட்டல்தான். அரசர் பட்டியல் வரிசையில் நிற்கும் ஆட்களைப் போலத் தெரிகிறது. ஒருவர் நகர்ந்ததும் அடுத்தவர். உண்மையில் பாதிப் பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கிறார்கள், சிலரை வரிசையிலிருந்தே தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணையும் பார்த்ததும் கேட்க வேண்டியவை மூன்று: எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், எந்த நாட்காட்டியில் எண்ணினார்கள், எண்ணியவருக்கு யாரை மறைக்க வேண்டியிருந்தது.

சோழர் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜாதிராஜன் மறுபடி ராஜகேசரி. வெறும் 'கோப்பரகேசரி, யாண்டு 12' என்று மட்டும் உள்ள முற்காலச் சோழர் கல்வெட்டு ஒன்று கையில் கிடைத்தால் இப்படிச் சலிக்கலாம். ராஜராஜனுக்கு முன் பரகேசரி என்று இருந்தவர்கள் விஜயாலயன், முதலாம் பராந்தகன், அரிஞ்சயன், இரண்டாம் ஆதித்தன், உத்தமசோழன். அரிஞ்சயனும் ஆதித்தனும் 12 ஆண்டை எட்டவே இல்லை, அவர்களை எடுத்துவிடலாம். மீதி மூவரில் யார் என்பதை எழுத்தமைதி, கல் இருக்கும் ஊர், அதில் வரும் அதிகாரிகளின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். ராஜராஜன் காலத்திலிருந்து இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 'திருமகள் போல' என்று தொடங்கினால் ராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் ராஜேந்திரன். கல் பாதி உடைந்திருந்தாலும் மெய்க்கீர்த்தியின், அதாவது தொடக்கத்தில் அரசர் புகழைப் பாடும் பகுதியின், இரண்டு சொல் போதும்.

பட்டமேறிய நாளைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். கல்வெட்டில் ஆட்சியாண்டோடு மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் இருந்தால் அந்த நாளைக் கணித்துவிடலாம். ஒரு கல்வெட்டு ஜூன் மாத நாள் ஒன்றில் 'யாண்டு 5' என்கிறது, அதே ஆண்டு ஜூலைக் கல்வெட்டு 'யாண்டு 6' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மாறும் நாள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கல்வெட்டுகள் சேரச் சேர இடைவெளி குறுகும். கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்ன் இப்படித்தான் ராஜராஜன் பட்டமேறியது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையே என்று கட்டம் கட்டினார். கிழமையும் நட்சத்திரமும் ஒத்துவராத கல்வெட்டுகளும் உண்டு. எழுதியவரோ, வெட்டியவரோ, படியெடுத்தவரோ தவறியிருக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் நம்பிக் கட்டத்தை நகர்த்தக் கூடாது.

பாண்டியர் கல்வெட்டில் வேறொரு பள்ளம் இருக்கிறது. 'நாலாவதின் எதிர் ஒன்பதாவது' என்று வரும். அதை 4 என்று எடுப்பவர்களும் உண்டு, 9 என்று எடுப்பவர்களும் உண்டு. கூட்டி 13 என்று கொள்வதே வழக்கம். எதற்காக இப்படி இரண்டாக உடைத்தார்கள் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இதற்கெல்லாம் கொழுகொம்பாக நிற்பது ஐவர்மலைக் கல்வெட்டு: சக ஆண்டு 792, வரகுணனின் 8-ஆம் ஆண்டு. 792-உடன் 78-ஐக் கூட்டினால் பொது ஆண்டு 870. எட்டைக் கழித்தால் 862; எட்டாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு என்பதால் அவர் பட்டமேறியது 862-63 வாக்கில். முற்காலப் பாண்டியர் காலவரிசையில் பெரும்பகுதி இந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம், எந்த நாளிலிருந்து எண்ணினார்கள் என்பது. பாபிலோனில் பழைய அரசர் இறந்த ஆண்டின் மிச்ச மாதங்கள் புதியவரின் 'பட்டமேறிய ஆண்டு' என்று மட்டும் குறிக்கப்படும். அதற்கு எண் கிடையாது. அடுத்த நிசான் மாதப் பிறப்பில்தான் 1-ஆம் ஆண்டு தொடங்கும். பிற்கால எகிப்தில் அப்படியில்லை. பட்டமேறிய நாளிலேயே 1 தொடங்கிவிடும், அடுத்த புத்தாண்டு பத்தே நாளில் வந்தாலும் அன்று 2. இந்த முறையில் ஒரே நாட்காட்டி ஆண்டு பழையவருக்குக் கடைசி ஆண்டாகவும் புதியவருக்கு முதலாண்டாகவும் இரண்டு முறை எண்ணப்படும். பத்து அரசர்களைக் கூட்டினால் ஒன்பது ஆண்டு கூடுதலாக வந்து நிற்கும். பாபிலோன் முறையில் கூட்டல் சரியாக வரும். ஒரு பட்டியலைத் தொடுமுன் அது எந்த முறை என்று தெரியாவிட்டால் கூட்டவே வேண்டாம்.

எருசலேம் வீழ்ந்த கதை இதற்கு நல்ல சோதனை. இரண்டாம் நெபுகாத்நேசர் அரியணை ஏறியது கி.மு. 605 செப்டம்பரில். பாபிலோனியர் கணக்கில் அவருடைய 1-ஆம் ஆண்டு 604 வசந்தத்தில் தொடங்குகிறது. நகரைப் பிடித்தது 597 மார்ச்சில். பாபிலோனின் களிமண் பலகை அதை 7-ஆம் ஆண்டு, ஆண்டின் கடைசி மாதமான அதார் 2-ஆம் நாள் என்கிறது. விவிலியத்தின் இரண்டாம் அரசர் நூல் 8-ஆம் ஆண்டு என்கிறது. எரேமியா நூலின் கடைசி அதிகாரமோ 7 என்கிறது. யாரோ பிழை செய்துவிட்டார்கள் என்று பாய வேண்டியதில்லை. 605-இன் மிச்ச மாதங்களை ஒன்றாம் ஆண்டாக எண்ணினால் 8, எண்ணாவிட்டால் 7. நடந்தது ஒரே மார்ச் மாதத்தில்தான்.

இந்தக் குழப்பத்தை முதலில் சாமர்த்தியமாகத் தீர்த்தவர்கள் வானியலாளர்கள். அலெக்சாந்திரியாவின் தாலமி பெயரில் வழங்கும் அரசர் பட்டியல் கி.மு. 747-இல் பாபிலோனின் நபோனாசரில் தொடங்கி, பாரசீகர், மாசிடோனியர், ரோமானியர் என்று நீள்கிறது. அதன் நோக்கம் வரலாறு அல்ல. ஒரு கிரகணத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே எத்தனை நாள் என்று கணக்கிடும் கருவி அது. எனவே லீப் நாளே இல்லாத 365 நாள் ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஒரு அரசருக்கு. ஓர் ஆண்டு நிறையாதவர்களுக்கு இடமில்லை. சில மாதங்களே ஆண்ட லபாசி மர்துக் இல்லை. ரோமில் கல்பா, ஓத்தோ, வித்தேலியுஸ் மூவரும் இல்லை. நீரோவுக்கு அடுத்து நேராக வெஸ்பாசியன். கூட்டலுக்கு இதைவிட நம்பகமான பழைய பட்டியல் கிடையாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் யார் அரியணையில் இருந்தார் என்று கேட்டால் இது தவறான விடையைத் தரும். கருவி எதற்குச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

நாட்காட்டிகளைப் பற்றிப் பேசினால் முடியாது, ஆகவே சுருக்கமாக. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். நீண்ட ஆட்சிகளில் ஓரிரு ஆண்டு வித்தியாசம் வந்தால் அதுதான் காரணம். இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25; அதனால் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30 அந்தக் கால ஆவணங்களில் 1648, நமக்கு 1649.

இவற்றில் எனக்குப் பிடித்த கோளாறு இங்கிலாந்தின் ஜான் மன்னருடையது. அவர் முடிசூடியது 1199 மே 27, அன்று கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். ஆட்சியாண்டையும் திருநாளிலிருந்து திருநாள் வரை என்று வைத்துவிட்டார்கள். அந்தத் திருநாள் ஈஸ்டரோடு நகர்வது. 1200-இல் மே 18, 1201-இல் மே 3, 1202-இல் மே 23. விளைவு: அவருடைய 2-ஆம் ஆண்டுக்கு 350 நாள், 3-ஆம் ஆண்டுக்கு 385 நாள். '3-ஆம் ஆண்டு, மே 10' என்று ஓர் ஆவணம் சொன்னால் அது 1201-ஆ 1202-ஆ என்று அந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது, ஏனென்றால் மே 3 முதல் 22 வரை அந்த ஆண்டில் இருமுறை வருகிறது. 2-ஆம் ஆண்டிலோ மே 10 என்ற நாளே இல்லை. அப்படியொரு தேதியுடன் ஆவணம் வந்தால் ஆண்டையோ நாளையோ யாரோ பிசகி எழுதியிருக்கிறார், அல்லது ஆவணமே போலி.

மூன்றாவது கேள்விதான் சுவையானது. ஓர் எண் பொருத்தமில்லாமல் பெரிதாக இருந்தால் அதற்குள் யாரோ புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எகிப்தில் சக்காராவில் மெஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் ஒரு நில வழக்கு செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஹோரம்ஹெப் மன்னரின் '59-ஆம் ஆண்டு' வருகிறது. ஆனால் ஹோரம்ஹெப்பின் சொந்தக் கல்லறையில் கிடைத்த திராட்சை மது ஜாடிகளின் குறிப்புகள் 14-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. 59 எங்கிருந்து வந்தது? அபிதோஸ் கோயிலில் முதலாம் சேத்தி செதுக்கிய 76 பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் புரியும். மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு அடுத்து நேரே ஹோரம்ஹெப். அகெனாத்தன் இல்லை, தூத்தங்காமுன் இல்லை, அய் இல்லை. (ஹத்ஷெப்சுத்தும் இல்லை, அது வேறு கணக்கு.) ஆட்களை நீக்கலாம், அவர்கள் ஆண்ட ஆண்டுகளை நீக்க முடியாதே. அவற்றை ஹோரம்ஹெப்பின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்.

அதே வேலையைச் சீனாவில் யோங்லே செய்தார். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ இறந்தது 1398-இல், தன் 31-ஆம் ஆண்டில். பேரன் ஜியான்வென் அரியணை ஏறினார். சித்தப்பாவான யோங்லே படையெடுத்து 1402-இல் தலைநகரைப் பிடித்ததும் ஜியான்வென் என்ற ஆண்டுப் பெயரே செல்லாது என்று அறிவித்து, அந்த ஆண்டை ஹோங்வூ 35 ஆக்கினார். செத்து நான்கு ஆண்டான தந்தை மறுபடி ஆளத் தொடங்கினார்! ஐரோப்பாவும் சளைக்கவில்லை. இரண்டாம் சார்லஸ் 1660 மே மாதம் லண்டனுக்குத் திரும்பியபோது தந்தை தலை வெட்டப்பட்ட 1649-இலிருந்தே எண்ணி, நாடாளுமன்றச் சட்டங்கள் அவருடைய '12-ஆம் ஆண்டு' என்று தேதியிடப்பட்டன. குடியரசாக இருந்த காலம் நடக்கவே இல்லை. பிரான்சின் பதினெட்டாம் லூயி 1814-இல் அளித்த அரசியல் சாசனத்தில், 1795-இலிருந்து எண்ணி, 'நமது ஆட்சியின் 19-ஆம் ஆண்டு' என்று போட்டார். நெப்போலியன் என்று ஒருவர் இருந்ததற்கு அதில் தடயமில்லை. இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி இன்னும் கெட்டிக்காரர். 1485 ஆகஸ்ட் 22-இல் பாஸ்வொர்த்தில் வென்றுவிட்டு, தன் ஆட்சியை ஆகஸ்ட் 21-இலிருந்து கணக்கிட்டார். ஒரே ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளால், எதிர்த்தரப்பில் நின்று தங்கள் மன்னருக்காகப் போரிட்டவர்கள் எல்லோரும் ராஜத்துரோகிகள் ஆனார்கள், அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்ய வழி பிறந்தது.

எண்ணை ஊதுவது ஒரு வகை என்றால், பக்கத்து பக்கத்தில் ஆண்டவர்களை ஒருவர் பின் ஒருவராக அடுக்குவது இன்னொரு வகை. சுமேரிய அரசர் பட்டியலில் ஒரு நேரத்தில் ஒரு நகரத்துக்கே அரசுரிமை உண்டு. அது கிஷ் நகரிலிருந்து உருக் நகருக்கு, அங்கிருந்து 'ஊர்' என்ற பெயருள்ள நகருக்கு என்று கைமாறுகிறது. நிஜத்தில் இந்த நகரங்கள் ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தவை. வலிமையாக இருந்த லகாஷ் பட்டியலிலேயே கிடையாது. எகிப்தின் 22-இலிருந்து 25 வரையான வம்சங்களும் இப்படித்தான், பாதிக்கு மேல் ஒரே காலத்தவை. எகிப்திய அரசர்களை வம்சங்களாகப் பிரித்து எழுதிய பழங்காலப் பூசாரி மனேத்தோவின் எண் வரிசையைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் எகிப்தின் வயது கூடிவிடும்.

சுமேரியப் பட்டியலின் தொடக்கத்தில் எரிதுவின் அலுலிம் 28,800 ஆண்டு ஆண்டதாக இருக்கிறது. 3,600-இன் எட்டு மடங்கு. அறுபதின் அடிப்படையில் எண்ணியவர்களின் முழு எண். இதைப் பார்த்ததும் மொத்தத்தையும் புராணம் என்று மூடி வைப்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். அதே பட்டியல் கிஷின் என்மெபாரகேசிக்கு 900 ஆண்டு தருகிறது. அந்த என்மெபாரகேசியின் பெயர் அவர் காலத்துக் கல் கிண்ணத் துண்டிலேயே பொறித்துக் கிடைத்திருக்கிறது.