முதலில் மாற்ற வேண்டியது ஃபோனோ ஸ்டேஜ்

என் இசைத்தட்டு அமைப்புக்குப் புதிய ப்ரீஆம்ப் (ஒலியளவைக் கட்டுப்படுத்தும் முன்பெருக்கி) வாங்க வேண்டும் என்று பல மாதங்களாக எண்ணியிருந்த நான், முதலில் மாற்றியது அதற்கு முன்னால் நின்று தட்டின் சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜைத்தான். ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் கார்ட்ரிட்ஜ், காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையானால் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட வராது. அவ்வளவு மெல்லிய சமிக்ஞையோடு இங்கே கலந்துவிடும் இரைச்சலைப் பின்னால் வரும் எந்த ப்ரீஆம்பாலும் பிரித்தெடுக்க இயலாது.

பெருக்குவது மட்டுமே அதன் பணி அன்று. 1950களில் நிலைபெற்ற ஆர்ஐஏஏ என்ற ஒலிப்பதிவுத் தர முறைப்படி, தட்டில் வரி வெட்டும்போதே 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய 20 டெசிபல் தாழ்த்தியும், 20,000 ஹெர்ட்ஸ் ஒலியை அதே அளவு உயர்த்தியும் பதிக்கிறார்கள். ஃபோனோ ஸ்டேஜ் அதைப் பிசகின்றித் தலைகீழாக்க வேண்டும். என் பழைய பெட்டி அதில் தடுமாறியிருக்கிறது என்பதை, டபுள் பாஸின் தந்தி விரலிலிருந்து விடுபடும் கணம் புதியதில் தனியாகக் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

ஆயினும் முதல் வாரம் பாடகியின் ‘ஸ’கரங்கள் காதை அறுத்தன. கார்ட்ரிட்ஜுக்கு ஃபோனோ ஸ்டேஜ் காட்டும் மின்தடையான 47 கிலோ ஓம் சரியாகவே இருந்தது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மின் கேபிளிலுள்ள கெப்பாசிட்டன்ஸை, அதாவது மின்தேக்குத் திறனை, கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஃபோனோ ஸ்டேஜில் அதே திறனைக் கூட்டிக் குறைக்கும் பின்புறச் சுவிட்சை 200 பிக்கோஃபாரடிலிருந்து 100க்குத் தள்ளியதும் அந்தக் கூர்மை தணிந்தது. வெறும் ஒரு சுவிட்சுதான்!

ப்ரீஆம்பின் முறை இனிமேல்தான்: குறைந்த ஒலியளவில் இடது பக்கம் சற்றே மங்குகிறது, அதன் வால்யூம் கன்ட்ரோலைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.