வாரியத்துக்கு விதி எழுதும் முன் பழைய கோப்பைத் தேடுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலம், பெருநிலப் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் இருக்கிறேன். வாரியத்துக்கென்று எழுத்தில் நடைமுறை விதிகள் வேண்டும் என்று தொடங்கிய வேலை போன மாதம்தான் முடிந்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் நாங்கள் அலைந்த மாதிரி அலையக்கூடாது.

எழுதுவது சுலபம். செக்கில் யார் யார் கையெழுத்து, எத்தனை கோட்டேஷன், கூட்டக் குறிப்பு எப்போது கைக்கு வர வேண்டும், எல்லாம் சீக்கிரமே வரைவாகிவிட்டது. ஆனால் 1996 கல்விச் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் 'சூராட் சாரா பெங்கூருசான்', அதாவது பள்ளியை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் அடிப்படை ஆவணம், இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகம் அதன்படிதான் நடக்க வேண்டும். அதற்கு முரணாக நாம் எழுதும் விதி நிற்காது. எங்கள் பள்ளியில் அதன் நகலே இல்லை. தோட்டத்திலிருந்து பள்ளி இடம் மாறியபோது அலமாரியோடு போய்விட்டதாம்.

நகல் கேட்டுக் கடிதத்தோடு கல்வி இலாகாவுக்குப் போனால், "வாரியத் தலைவர்தான் கையெழுத்துப் போடணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, அவர் கையெழுத்தோடு போனோம். கவுண்டரில் இருந்த கிராணி கணினியைப் பார்த்தபடியே, "இந்தப் பெயரில் கோப்பு இல்லை" என்றார். வேறு எங்கே கேட்பது என்றதற்குப் பதில் இல்லை. வேலைக்கு லீவு போட்டு வந்தவர்களை இப்படியா அனுப்புவது? இன்னும் ஆறவில்லை எனக்கு.

வழி சொன்னது எங்கள் தலைமையாசிரியை. "அண்ணே, பழைய தோட்டப் பேர்ல தேடச் சொல்லுங்க." மறுபடி போனோம். வேறோர் அதிகாரி, இளம்பெண், உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் கோப்போடு வந்தார். அவருக்குக் கோடி நன்றி. இடம் மாறிய பள்ளி என்றால் பழைய பெயரையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த சண்டை வாரியத்துக்குள். உறுப்பினரின் உறவினர் பள்ளி வேலையைக் குத்தகை எடுக்க வந்தால் என்ன செய்வது என்ற விதியை வாசித்ததுமே ஒரு மூத்தவர், "அப்போ என்னைத்தான் சொல்றீங்களா?" என்று எழுந்துவிட்டார். பள்ளிக்காக எவ்வளவோ உழைத்தவர். அன்று ஓட்டெடுப்புக்கு விட்டிருந்தால் ஜெயித்திருப்போம், அவரை இழந்திருப்போம். தள்ளி வைத்தோம். தலைவர் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினார். உறவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முடிவெடுக்கும் நேரம் வெளியே இருக்க வேண்டும், அது குறிப்பில் ஏற வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாக மாற்றி எழுதினோம். அடுத்த கூட்டத்தில் அதை முன்மொழிந்தவரே அவர்தான்!

இன்னும் இரண்டு விஷயம். நிறைவேற்றும் கூட்டத்துக்கு முன் உறுப்பினர்கள் அனைவரும் முறையாகப் பதிவானவர்களா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் யாராவது தீர்மானத்தையே கேள்வி கேட்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணமும் வாரியப் பணமும் தனித்தனி என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். மாநில அரசின் மானியம் வரும்போது எந்தக் கணக்கு என்ற குழப்பம் அதோடு தீரும். கையெழுத்தான பிரதியை அலமாரியில் மட்டும் பூட்டாமல், ஸ்கேன் செய்து உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.