வால்வு சாவியும் ஹாக்கி மட்டையும்

நேத்து மாமாவுக்கு 16-ஆம் நாள்.

நாகர்கோவில் நகராட்சியில குடிநீர்ப் பிரிவுல இருந்தாரு. முக்கடல் அணைத் தண்ணி எந்தத் தெருவுக்கு எப்ப வரும்னு வாட்ச் பாக்காம சொல்லுவாரு. 2019-ல மாநகராட்சி ஆனப்ப அவர் ஓய்வுபெற்று ரொம்ப வருஷம் ஆயாச்சு. "நான் நகராட்சிக்காரன்தான் டே"ன்னு சிரிச்சாரு.

சாயங்காலம் ஆனா ஆளே வேற. ஹாக்கி மட்டைக் கைப்பிடியில பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுத்தியிருப்பாரு, வேர்வையில வழுக்காதாம். செம்மண் தரையில பந்து எப்படி எகிறும்னு யாருக்கும் தெரியாது. இடது முழங்காலுக்குக் கீழ இருந்த குழி அதுக்குச் சாட்சி. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்துல இந்தியா ஸ்பெயினை 4-3-னு ஜெயிச்ச கதையை, கேப்டன் பாஸ்கரன் நம்ம தமிழ்நாட்டுக்காரர்ங்கிறதையும் சேர்த்து, ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். செயற்கைப் புல்தரை மட்டும் கடைசி வரை பிடிக்கல. அந்த விஷயத்துல அவர்கிட்ட வாதாடிப் பிரயோஜனமே இல்ல.

எனக்கு ஆட்டம் வரல. "குனி மக்கா, இன்னும் குனி"ன்னு கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

நேத்து எல்லாரும் போன பிறகு மாமி அந்த மட்டையை எடுத்து என் கையில தந்தாங்க. டியூப் சுத்து இன்னும் இளகல.