ரிவ்யூ முடியட்டும்னு சொன்னேன்

"அக்கா, பல்லேடியம் போடாத கட்டையிலயும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாமா?" எங்க லேப் பொண்ணு கேட்டது இவ்ளோதான். "ரிவ்யூ முடியட்டும்மா, அப்புறம் பாக்கலாம்"னு நான் சொன்னேன். பத்து செகண்டு கூட ஆகியிருக்காது, ஆனா இன்னைக்கும் மனசுல ஓடிட்டே இருக்கு.

அன்னைக்கு லேப்ல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம். மரம் தண்ணி ஏத்துற சைலம் குழாயையே ரியாக்டரா வச்சு, அதோட சுவர்ல வினைய வேகப்படுத்துற கேட்டலிஸ்ட்டா பல்லேடியம் உலோகத்த நானோ துகளா படிய வச்சு, கட்டையோட அடிப்பக்கம் மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயமும் அத நிறமில்லாம மாத்துற போரோஹைட்ரைடும், மேல இருந்து வெளிய தொங்குற ஃபில்டர் பேப்பர் திரி, பம்பே கிடையாது, கீழ நீலமா போனது திரி முனையில தெளிஞ்ச தண்ணியா சொட்டுது. குழாய் அகலம் பாதியானா மூலக்கூறு பரவிப்போய் சுவரத் தொடுற நேரம் கால்வாசியாயிடும், அதனாலதான் இவ்ளோ வேகம்னு நான் விளக்கமும் குடுத்துட்டேன். அந்தக் கணக்கு தப்பில்ல.

ஆனா மெத்திலீன் ப்ளூ பாசிட்டிவ் சார்ஜ் உள்ள சாயம், மரத்துல சும்மாவே ஒட்டிக்கும், பல்லேடியம் இல்லாமலே தண்ணி தெளிஞ்ச மாதிரி தெரியும். இது எனக்குத் தெரியாத விஷயமில்ல, அதான் உறுத்துது.

ரிவ்யூ முடிஞ்சு அவளே ஓட்டினா. பல்லேடியம் இல்லாத கட்டையிலயும் முதல்ல தெளிவாத்தான் வந்துச்சு, மரம் சாயத்தக் குடிச்சு நிறைஞ்சப்புறம் திரி முனையில நீலம் வர ஆரம்பிச்சுது. பல்லேடியம் போட்டதுல கடைசிவரைக்கும் நீலம் வரல. அப்ப கேட்டலிஸ்ட் வேலை செஞ்சது நிஜம்தானே? நிஜம்தான், ஆனா நான் ஸ்லைடுல காட்டினது அந்த முதல் ஒரு மணி நேரத்த மட்டும்.

அப்புறம் மெத்திலீன் ப்ளூவுக்குப் பதிலா நைட்ரோஃபீனாலுக்கு மாறினோம். எந்த ஒளிய எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளந்தா, 400 நானோமீட்டர்ல அதோட பீக் இறங்க இறங்க 300ல அது மாறி உண்டாகுற அமினோஃபீனாலோட பீக் ஏறுது, மரத்துல ஒட்டிக்கிச்சா வேற பொருளா மாறிச்சான்னு இதுல குழப்பமே இல்ல. என்ன, போரோஹைட்ரைடுல இருந்து வர்ற ஹைட்ரஜன் குமிழி குழாய அடைச்சு ஓட்டம் நின்னு நின்னு வரும். வறட்சியில மரத்துக்கு ஆகுறதும் இந்தக் காத்தடைப்புதான், ஆனா மரத்துல குழாய்க்குக் குழாய் நடுவுல சவ்வு இருக்கு, குமிழி பரவாம பிடிச்சு வைக்கும். நாங்க வெட்டின குட்டிக் கட்டையில குழாயெல்லாம் ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு, அதுக்கு எங்க சவ்வு.

முடிவு ஒண்ணுதானே, அவசரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு சிலநாள் தோணும். அடுத்த நாளே, ஒரு பிளாங்க், அதான் பல்லேடியம் போடாத வெறும் கட்டை, ஓட்ட அரை நாள்தானே ஆகியிருக்கும்னு தோணும்.

இப்பல்லாம் அவ என்கிட்ட கேக்குறதில்ல. பிளாங்க தானே ஓட்டி, கிராஃப என் மேஜையில வச்சுட்டுப் போயிடுறா.