டிராக் காருக்கு ஆக்சிஜன் சென்சார் எதற்கு?

வாளையார் தாண்டி கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு கார் ஏற்றி வருபவர்களிடம், எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் பற்றி இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது: "முழு திராட்டிலில்தானே ஓட்டறோம், சென்சாரைக் கழற்றிடலாமே?"

பாதி சரி. கம்பெனி பொருத்தித் தரும் நேரோபேண்ட் சென்சார் லாம்டா 1-ஐ (காற்றும் பெட்ரோலும் மிச்சமின்றி எரியும் விகிதம்) ஒட்டி மட்டுமே துல்லியம், 0.45 வோல்ட்டுக்கு மேலே ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே லீன் (பெட்ரோல் குறைவு), அவ்வளவுதான். முழு திராட்டிலில் பெரும்பாலான இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதைக் கண்டுகொள்வதே இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சாரோ கேட்டலிஸ்ட்டைக் கண்காணிக்கத்தான். ரோட்டிலும் ஓடும் கார் என்றால் இரண்டையும் தொடாதீர்கள்.

ஆனால் டியூன் செய்ய, எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் முடியாது. பாஷ் எல்எஸ்யூ 4.9 போதும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு முழு லோடில் லாம்டா 0.86 முதல் 0.88, டர்போவுக்கு 0.80 பக்கம் என்று தொடங்கலாம். ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) எண்ணை நம்பாமல் லாம்டாவைப் பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில், சுத்த பெட்ரோலுக்கான 14.7 கணக்கு செல்லாது.

கெடுவது பெரும்பாலும் பொருத்துவதில்தான். சென்சாரைத் திருகும் எம்18x1.5 மரை வளையத்தை (bung) டர்போவுக்குப் பின்னால், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே சாய்த்து வெல்டு செய்யவும். நேர் கீழே வைத்தால் தண்ணீர் தேங்கி செராமிக் விரிசல் விடும். ஹீட்டருக்கு கரண்ட் இல்லாமல் எக்ஸாஸ்ட்டில் விட்டுவைத்தால் கரி படிந்து சாகும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல், சிலிகான் சீலன்ட் இரண்டும் விஷம்.

திடீரென லீன் காட்டினால் உடனே பெட்ரோலைக் கூட்டாதீர்கள். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிவோ மிஸ்ஃபயரோ இருந்தாலும் அதேதான் காட்டும்.