ஜூலைக் குறிப்புகள், கடலூர்

ஜூலை 11
ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் 60 லட்சம் யூதர்கள் என்றேன். பிளஸ் டூ வகுப்பு மொத்தமும் அந்த எண்ணுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஆகுமே. பிள்ளைகள் மேல் தவறில்லை. நான் நடத்திய விதம் அப்படி.

ஜூலை 12
இன்று அட்டையிலிருந்து தொடங்கினேன். ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர்கள் அடையாள அட்டையில் இனம் ஹுட்டுவா டுட்சியா என்று எழுதி வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகும் அந்த வரி அப்படியே இருந்தது. 1994 ஏப்ரலில் ஹுட்டுக் கும்பல்காரர்கள் சாலைக்குச் சாலை மறித்து அட்டையைக் காட்டச் சொன்னார்கள்; டுட்சி என்றிருந்தால் கொன்றார்கள். நூறு நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் பேர். "கிழித்துப் போட்டிருக்கலாமே டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்ச் பையன். அட்டை இல்லாதவரையும் டுட்சி என்றே சந்தேகப்பட்டார்கள் என்றேன். மணி அடித்தும் அவன் எழவில்லை.

ஜூலை 15
சேர்க்கைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை. பெயர், தகப்பனார் பெயர், மதம், சாதி, முகவரி. 42 பேர். ஒருத்திக்கு மட்டும் தெருப் பெயர் இல்லை. இலங்கை அகதிகள் முகாம், வீட்டு எண். வருடா வருடம் செய்கிற வேலைதான். இன்று கை ஓடவில்லை.

ஜூலை 16
தூக்கமில்லை. தேவனாம்பட்டினத்துக் கடல் இரைச்சல் வீடு வரை கேட்கிறது.

ஜூலை 18
இலங்கையின் 1983 ஜூலைக்கென்று ஒரு தனி வகுப்பு கேட்டிருக்கிறேன். "கலவரம் என்று சொல்லி முடித்துவிடுங்கள் அம்மா" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் மோதிக்கொள்ள வேண்டாமா? கொழும்பில் இறங்கிய கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். வெலிக்கடைச் சிறையில் 25, 27 என்று இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டி வைத்த மனிதன் யாரோடு போய்க் கலவரம் செய்வான்? சாவி யாரிடம் இருந்தது? அவர் எதிரில் வாய் வரவில்லை. மாலை பஸ்ஸில் வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 19
சாவி யாரிடம் இருந்தது?

ஜூலை 22
அவள் வரவில்லை. முகாமில் கணக்கெடுப்பாம், எல்லாரும் நேரில் நிற்க வேண்டுமாம். அங்கும் ஒரு பதிவேடு. இங்கே நான் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன்.

ஜூலை 23
அனுமதி கிடைத்துவிட்டது! ஒரு பிரிவேளை. போதாது, ஆனாலும் கிடைத்துவிட்டது.

ஜூலை 24
ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நாளைக்கு என்ன பாடம் என்று அம்மம்மாவிடம் சொன்னாளாம். அவர் ஒன்றும் சொல்லாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடி முறத்தில் கொட்டிப் பொறுக்கினாராம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நடத்தும்போது என்னைப் பார்க்காதீர்கள் டீச்சர்."
எங்கே பார்ப்பது? ஜன்னலோரம்தான் அவள் இடம். பின்சுவரில் இந்திய வரைபடம். அதன் அடியில் இலங்கை. கரும்பலகையைப் பார்த்தே நடத்திவிடலாம்.

ஜூலை 25
வெலிக்கடை என்று எழுதினேன். சாக்பீஸ் உடைந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பினால், யாரும் என்னைப் பார்க்கவில்லை. 41 பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.