பட்டன் டயருக்கு மட்கார்டு: இடைவெளி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது

தார்ச்சாலையும் மண்பாதையும் மாறி மாறி வரும் வழியில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பட்டன் டயர், அதாவது மேற்பரப்பில் ரப்பர் முட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும் டயர், தேவைப்படுகிறது. ஈரமான நாட்களில் அதே சைக்கிளுக்கு மட்கார்டும் தேவைப்படுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேராது என்று பலர் சொல்வார்கள். தாராளமாகச் சேரும். வழவழப்பான டயருக்குச் சரியாக இருந்த மட்கார்டை அப்படியே பட்டன் டயர்மேல் வைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. வழவழப்பான டயரில் ஒட்டும் கல் பெரும்பாலும் மட்கார்டின் விளிம்பில் பட்டு வழுக்கிக் கீழே விழுந்துவிடும். பட்டன் டயர் அப்படி விடாது. இரண்டு பட்டன்களுக்கு நடுவில் கல்லையோ குச்சியையோ கவ்விக்கொண்டு உள்ளே இழுத்துப் போகும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை என்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டினால் சைக்கிள் சறுக்கி நிற்கும். முன்சக்கரம் பூட்டினால் ஓட்டுபவர் ஹேண்டில் பாரைத் தாண்டி முன்னால் விழுவார். அதனால் இந்த வேலையில் அழகு, கச்சிதம் எல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி.

வழவழப்பான டயருக்கு மேலே 10 முதல் 12 மி.மீ. இடைவெளி இருந்தால் ஓட்டிவிடலாம். பட்டன் டயருக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும். சரளையும் சுள்ளியும் நிறைந்த பாதை என்றால் 20 மி.மீ. வைப்பது நல்லது. இதை பட்டனின் உச்சியிலிருந்து அளக்க வேண்டும், டயரின் ரப்பர் உடலிலிருந்து அல்ல. பட்டன் 3 மி.மீ. உயரம் என்றால் அந்த 3 மி.மீ. உங்கள் கணக்கிலிருந்து ஏற்கெனவே போய்விட்டது.

அகலத்திலும் இதே கவனம் வேண்டும். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 42 என்று போட்ட டயரை உள்ளகலம் கூடிய ரிம்மில் மாட்டினால் 43, 44 வரை விரியும். புது டயர் காற்றடித்த சில நாட்களில் இன்னும் ஒரு மி.மீ. வளர்வதும் உண்டு. போதாததற்கு ஓரப் பட்டன்கள் உடலைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டும் அளவுக்குக் காற்றடித்து, ஒரு நாள் விட்டு, ஓரப் பட்டன்களின் வெளிமுனைக்கு வெளிமுனை காலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுக்கு இரு பக்கமும் 8 மி.மீ. சேர்த்தால் வருவதுதான் மட்கார்டின் அகலம். 44 அளந்தால் 60 மி.மீ. மட்கார்டு. கடையில் சொல்லும் அகலம் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு. விளிம்பு உள்ளே மடிந்திருந்தால் உள்ளகலம் அதைவிடக் குறையும். மண்பாதையில் எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் இரு பக்கமும் கொஞ்சம் வளையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டன் உச்சியிலிருந்து 15 மி.மீ. காற்று, அதற்கு மேல் மட்கார்டின் தடிமன் ஒன்றிரண்டு மி.மீ., அதற்கும் மேல் போல்ட்டும் வாஷரும். ஆக டயருக்கும் ஃபோர்க் கிரீடத்தின் (முன்சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் இடம்) அடிப்பக்கத்துக்கும் நடுவே 20 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். பின்னால் இருக்கை ஸ்டேக்களை (இருக்கையடியிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் இரு குழாய்கள்) இணைக்கும் பாலத்திலும், செயின் ஸ்டேக்களை (பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இரு குழாய்கள்) இணைக்கும் பாலத்திலும் இதே அளவு வேண்டும். மிக நெருக்கமான இடங்கள் இந்த மூன்றும்தான். ‘இந்த ஃப்ரேமில் 45 வரை போடலாம்’ என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் மட்கார்டு இல்லாத கணக்கு. மட்கார்டுடன் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இடம் போதவில்லை, ஆனால் டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: வழக்கமான 700சி அளவைவிடச் சிறிய 650பி சக்கரம். 700சி ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ., 650பி ரிம்முக்கு 584. 42 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 706 வரும். 48 மி.மீ. டயர் போட்ட 650பி சுமார் 680. டயர் அகலமாகிறது, அதே சமயம் டயரின் மேல்புறம் 13 மி.மீ. கீழே இறங்குகிறது. மட்கார்டுக்குத் தேவையான இடம் அங்கே கிடைத்துவிடும். பதிலுக்கு பெடலும் அதே 13 மி.மீ. தாழும், திருப்பங்களில் தரையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் செயின் ஸ்டேக்களுக்கு நடுவே அந்த அகலம் கொள்ளுமா என்றும் அளந்துவிட்டு வாங்குங்கள். ரிம் பிரேக் சைக்கிளில் இது எடுபடாது. ரிம் 19 மி.மீ. கீழே போய்விடுவதால் பிரேக் கட்டை எட்டாது.

எவ்வளவு இடைவெளி என்பதைவிட அது எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது முக்கியம் என்பேன். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சைக்கிள் முன்னே போகும்போது டயரின் மேல்பகுதி முன்னோக்கி ஓடுகிறது. அதாவது டயர் மட்கார்டுக்குள் நுழைவது பின்பக்கக் கீழ்முனையில், வெளியேறுவது முன்முனையில். முன்சக்கரத்தில் கல் உங்கள் காலருகே நுழைந்து, மேலேறி, ஃபோர்க் கிரீடத்தைக் கடந்து முன்னால் வந்து விழும். பின்சக்கரத்தில் கடைசிக் கோடியில் நுழைந்து, பெடலுக்குப் பின்னால் செயின் ஸ்டே பாலத்தருகே வெளியேறும். ஆகவே நுழைவாயில் சிறியதாகவும் போகப் போக வழி பெரியதாகவும் இருக்க வேண்டும். நுழைவில் 15, கிரீடத்தடியில் 17 அல்லது 18, முன்முனையில் 20 என்று வைத்தால், நுழைய முடிந்த எதுவும் வெளியேறவும் முடியும். பலரும் செய்வது நேர்மாறு: பின்முனை அகலமாகத் தொங்கும், கிரீடத்தடியில் 8 மி.மீ.தான் இருக்கும். குச்சி உள்ளே தாராளமாகப் போய் நடுவழியில் ஆப்பாகச் செருகிக்கொள்ளும்.

சோதிக்க ஒரு வழி: 15 மி.மீ. தடிமனுள்ள மரக்குச்சித் துண்டு ஒன்றை எடுத்து, நுழைவுமுனையில் டயர்மேல் குறுக்காக வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னோக்கி உருட்டுங்கள். மறுமுனை வரை எங்கும் தட்டாமல் வர வேண்டும். நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஸ்டே கம்பியை (மட்கார்டை ஃப்ரேமோடு பிணைக்கும் கம்பி) தளர்த்தி மட்கார்டை ஏற்றுங்கள். பாலத்தருகே நின்றால் நடுவில் வைத்த ஸ்பேசரை (இடைவெளியை நிரப்பும் துண்டு) மெலிதாக்குங்கள்.

மாட்டும்போது மட்கார்டை எங்கும் வலிந்து இழுத்துப் பூட்டக் கூடாது. போல்ட் இல்லாமலே அது தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும். பாலம் எட்டாமல் இருந்தால் 5 அல்லது 10 மி.மீ. ஸ்பேசர் வைத்து நிரப்புங்கள். ஸ்டே நீளம் பொருந்தவில்லை என்றால் கம்பியை வெட்டுங்கள். இழுவிசையோடு பூட்டிய மட்கார்டு சரளையின் அதிர்வில் சீக்கிரமே விரிசல் விடும். அலுமினியம் என்றால் போல்ட் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். துளை போட்டபின் ஓரப் பிசிறை அரத்தால் நீக்கி, உள்ளேயும் வெளியேயும் அகலமான வாஷர் வைத்து, ஃப்ரேமைத் தொடும் இடத்தில் ரப்பர் அல்லது தோல் வாஷர் கொடுத்தால் ஆயுள் கூடும், சத்தமும் குறையும்.

போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே. தலை தட்டையாக இருக்கட்டும். சிலர் நட்டை உள்பக்கம் வைத்துவிடுவார்கள். அப்போது போல்ட்டின் மிச்ச நீளம் டயரை நோக்கி 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு புள்ளியில் இடைவெளி 15 இல்லை, 10. பட்டன் கவ்விவரும் குச்சி அங்கேதான் மாட்டும். ஃப்ரேமில் முறுக்கும் எம்5 போல்ட்களுக்கு நீலநிறத் திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி, மற்ற இடங்களில் நைலான் வளையம் உள்ள நட்டு. முதல் 50 கி.மீ. ஓடியபின் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

முன் மட்கார்டின் ஸ்டே கம்பிகளுக்கு, இழுத்தால் கழன்றுவிடும் பாதுகாப்பு கிளிப் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குச்சி செருகிக்கொண்டால் சுழலும் டயர் மட்கார்டையும் சேர்த்து மேலே இழுக்கும். ஸ்டே வளையும், மட்கார்டு மடங்கிக் கிரீடத்தடியில் சுருண்டுகொள்ளும். ஒரு சுற்று முடிவதற்குள் எல்லாம் நடந்துவிடும். கிளிப் இருந்தால் ஸ்டே கழன்று மட்கார்டு விலகிவிடும். கிளிப்பைக் கையால் இழுத்துக் கழல்கிறதா என்று பாருங்கள். மண் அடைத்து இறுகிப்போனால் அது இருந்தும் பயனில்லை.

மட்கார்டின் கீழ்முனையில் தொங்கும் மட்ஃபிளாப் வளையக்கூடிய ரப்பராக, தரையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். கெட்டியான பிளாஸ்டிக்கை அதற்கும் கீழே இறக்கினால், பள்ளத்தில் இறங்கும்போது கல்லில் தட்டி மட்கார்டை டயர்மேல் தள்ளிவிடும்.

முன் மட்கார்டு மாட்டியபின் ஹேண்டிலைத் திருப்பி, பெடலை முன்னால் வைத்து, ஷூ நுனி இடிக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சிறிய ஃப்ரேம்களில் நிச்சயம் நெருக்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் மட்கார்டைக் கீழ்க்கால்களில் பூட்டி, ஃபோர்க்கின் காற்றை இறக்கி முழுதாக அழுத்தியபோதும் அது கிரீடத்தில் மோதவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டயரைத் தேர்ந்தெடுக்க இன்னும் வாய்ப்பு இருந்தால், நடுவில் 2 மி.மீ. உயரத்தில் நெருக்கமான சிறு பட்டன்களும் ஓரத்தில் சற்று உயர்ந்த பட்டன்களும் உள்ளதை வாங்குங்கள். கலப்புப் பாதைக்கு அது தாராளம், தார்ச்சாலையில் மட்கார்டுக்குள் எழும் ரீங்காரமும் குறையும். சேற்றுக்கென்றே வரும், 4, 5 மி.மீ. உயர்ந்து இடைவிட்டு நிற்கும் பட்டன்கள் கல்லை அதிகமாகக் கவ்வும்.

ஒட்டும் களிமண்ணுக்கு மட்டும் எந்த இடைவெளியும் போதாது. அது டயரில் அடுக்கடுக்காக ஏறி மட்கார்டை நிரப்பிவிடும். அப்படிப்பட்ட பாதை என்று முன்பே தெரிந்தால் மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதே சரி. வழியில் எதிர்ப்பட்டால், உரசும் சத்தம் கேட்டவுடனே இறங்கி, செயின் ஸ்டே பாலத்தையும் ஃபோர்க் கிரீடத்தடியையும் ஒரு குச்சியால் வழித்துவிடுங்கள். ஏதாவது செருகிச் சக்கரம் நின்றால் முன்னே தள்ளிப் பார்க்க வேண்டாம், ஆப்பு இன்னும் இறுகும். சைக்கிளைப் பின்னோக்கி அரைச் சுற்று உருட்டினால், நுழைந்த வழியாகவே அது பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.